டீ மசாலா கிஃப்ட்டுக்கு போடியில வாங்குன சாமான் எப்படி இருந்துச்சு

தங்கச்சி வளைகாப்புக்கு வர்றவங்களுக்கு ரிட்டர்ன் கிஃப்ட்டா வீட்டுலயே டீ மசாலா அரைச்சு குடுக்கலாம்னு போடிநாயக்கனூர்ல ஒரு ஏலக்காய் கடையில கூரியர்ல சாமான் வரவழைச்சோம், ஏலக்காய் ஏலம் நடக்குற ஊரு, அதனால நம்பி ஆர்டர் போட்டேன். ஏலக்காய் உண்மையிலேயே சூப்பர்ங்க. 8 எம்எம் காய், நல்ல பச்சை, உடைச்சா உள்ள அரிசி கருப்பா பிசுபிசுன்னு இருக்கு, பார்சல் பிரிச்சதுமே வீடு முழுக்க வாசனை. கிராம்பு, மிளகும் ஓகே.

சுருள் பட்டை கேட்டேன், வந்தது தடியான முரட்டுப் பட்டை. போன் பண்ணேன், மறுபேச்சு இல்லாம மாத்தி அனுப்புனாங்க. ஆனா சுக்குதான் மனசு கஷ்டமாயிடுச்சு, வெள்ளை வெளேர்னு சுண்ணாம்பு பூசுனது, கர்ப்பிணிப் பொண்ணு இருக்குற வீட்டுல அதை எப்படி சேர்க்குறது? "சுக்குக்குப் புறநஞ்சு"ன்னு அம்மா அத்தனையும் தோல் சீவி எடுத்தாங்க, ரெண்டு மணி நேரம் போச்சு. சுக்கு மட்டும் வேற கடையில பூசாததா பார்த்து வாங்குங்க.

அளவு கேக்குறவங்களுக்கு: ஏலக்காய் 50 கிராம், சுக்கு 50, மிளகு 10, பட்டை 10, கிராம்பு 5. சுக்கை உரல்ல தட்டிட்டுதான் மிக்ஸியில போடணும், நார் வரும், கண்டிப்பா சலிங்க. லேசா சூடு பண்ணி அரைச்சு, நல்லா ஆறுனப்புறம்தான் பாட்டில்ல அடைக்கணும், இல்லன்னா கட்டி பிடிச்சுக்கும். ரெண்டு டம்ளர் டீக்கு கால் ஸ்பூன் தாராளம்.

ஏலக்காய்க்கு மட்டும் அடுத்த தடவையும் அங்கதான் வாங்குவேன்.