இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ்: டப்பாவில் 400, எங்கள் வீட்டில் 250

இந்தக் கறுப்பு-வெள்ளை பிலிமின் டப்பாவில் போட்டிருக்கும் 400 (ஐஎஸ்ஓ வேகம், அதாவது பிலிம் வெளிச்சத்தை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறது என்ற எண்) பொய் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எச்பி5 பிளஸின் வேகத்தை இல்ஃபோர்டு அளந்தது ஐடி-11 டெவலப்பரில் (படத்தை வெளிக்கொண்டுவரும் அவர்களுடைய ரசாயனம்), 20 டிகிரியில், பிலிமைச் சுற்றிப் போடும் சுருள் டேங்கை இடைவெளி விட்டு இடைவெளி விட்டு ஆட்டி. மதுரையில் மே மாதத்து மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 20 டிகிரியை எங்கே பார்த்தது? அதனால் இந்த பிலிமையும் ஐடி-11 பவுடரையும் ஜோடியாக வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன்.

பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரே சீராக வெளிச்சம் விழுகிற நிழற்சுவர் போதும். சுவரின் சொரசொரப்பு பதியாமல் இருக்க லென்ஸை இன்ஃபினிட்டியில் வைத்து, மீட்டரில் வேகத்தை 400, 320, 250, 200, 160 என்று வரிசையாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் அது காட்டுவதைவிட நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது) குறைத்து எடுத்தேன். ஒரு ஃபிரேம் மூடியோடு, காலியாக. ஷட்டரைத் தொடாமல் அபர்ச்சரை மட்டும் மாற்றுவது நல்லது. பழைய கேமராவில் 1/500 என்பதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான்.

நெகட்டிவின் கறுப்பை அளக்கும் டென்சிட்டோமீட்டர் இல்லாத குறையை டிஜிட்டல் கேமரா தீர்த்துவிடுகிறது. நெகட்டிவை லைட் பாக்ஸ் மேல் வைத்து, சுற்றிலும் கறுப்பு அட்டையால் மறைத்து, ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் படிக்க வேண்டும். ஒரு ஸ்டாப் வித்தியாசம் என்றால் அடர்த்தி 0.30. நாம் தேடுவது காலி ஃபிரேமைவிட 0.10 கூடுதல், அதாவது மூன்றில் ஒரு ஸ்டாப். ஆழ்ந்த நிழல் பிலிமில் பதியத் தொடங்கியதற்கு அதுதான் அடையாளம். 400இல் எடுத்தது காலி ஃபிரேமோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. 320 இழுபறி. 250இல் மீட்டர் தெளிவாக ஒரு படி நகர்ந்தது.

"ஸ்கேன் பண்ணி ஏத்திக்கலாமேண்ணே" என்றான் தெருக்கோடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி. நிழலில் பதியாததை எங்கே ஏற்றுவது? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

அடுத்து டெவலப் நேரம். ஐடி-11ஐ ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்தால் 20 டிகிரியில் 13 நிமிடம். இல்ஃபோர்டின் வெப்பநிலை அட்டவணைப்படி 24 டிகிரிக்கு அது சுமார் 9 ஆகிறது. 24 எங்களுக்கு எட்டுகிற எண்: பேசினில் ஐஸ் பை போட்ட தண்ணீர், அதில் டேங்க், ஃபிக்ஸர் பாட்டில் எல்லாம் ஒன்றாக. தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் இந்தச் சூட்டில் 5 நிமிடத்துக்கு வந்துவிடும். அதற்கும் கீழே போனால் பிலிமில் திட்டுத் திட்டாக விழ வாய்ப்பு உண்டு. நம்ம ஊருக்குக் கலந்ததுதான் சரி.

வெளிச்சமான பகுதிகள் எவ்வளவு கறுக்கின்றன என்று பார்க்க, மீட்டரைவிட மூன்று ஸ்டாப் கூட்டி அதே சுவரை எடுத்து, துண்டு துண்டாக வெட்டி வெவ்வேறு நேரம் போட்டேன். 9 நிமிடத் துண்டு காலி ஃபிரேமைவிட நாலரை ஸ்டாப்புக்கு மேல் கறுத்திருந்தது. ஒளியைக் குவித்து அனுப்பும் என்னுடைய கண்டென்சர் என்லார்ஜரில் (பிரிண்ட் போடும் கருவி) வெள்ளை வேட்டியின் மடிப்பெல்லாம் காணாமல் போகிற அளவு அது. 8 நிமிடத்தில் நாலுக்குச் சற்று மேல் நின்றது. இப்போது 250, 8 நிமிடம், 24 டிகிரி என்று டேங்கிலேயே எழுதி ஒட்டிவிட்டேன். ஒளியைப் பரப்பி அனுப்பும் டிஃப்யூஷன் என்லார்ஜர் வைத்திருப்பவர்களுக்கு அந்த 9 நிமிடமே ஒத்துவரலாம்.

ஐடி-11இல் எனக்குப் பெரிய குறை இல்லை. 40 டிகிரித் தண்ணீரில் கரைக்க வேண்டும், உப்புத் தண்ணீர் வேண்டாம், கேன் தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்ததை ஒரு தடவையோடு கொட்டிவிட வேண்டும். கோடாக் டி-76ம் கிட்டத்தட்ட இதே சரக்குதான், ஆனால் நேரத்தை அதற்கான அட்டவணையில் பாருங்கள்.

பிலிம்தான் விலையில் கையைச் சுடுகிறது. சோதனைக்கென்று முழு ரோலைச் செலவழிக்க மனம் வராதவர்கள் 30.5 மீட்டர் டின் வாங்கி, இருட்டில் பத்துப் பன்னிரண்டு ஃபிரேம் அளவுக்குக் கேசட்டில் சுற்றிக்கொள்ளலாம். வருஷத்துக்கு ரெண்டு ரோல் எடுப்பவருக்கு டின் தேவையில்லை. ஒரே ரோலை 250இல் எடுத்து, மேலே சொன்ன 8 நிமிடத்தில் தொடங்கிப் பார்க்கட்டும்.