ஆர்.வி.க்கு வீட்டில் 30 ஆம்பியர் அவுட்லெட் போடுகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

அமெரிக்காவிலோ கனடாவிலோ வீட்டுப் பக்கத்தில் ஆர்.வி. வண்டியை (படுக்கை, சமையலறையோடு வீடு மாதிரி இருக்கும் பயண வண்டி) நிறுத்தி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 30 ஆம்பியர் அவுட்லெட் போட்டிருந்தால், அதில் வண்டியின் பிளக்கைச் செருகுவதற்கு முன்னால் மல்டிமீட்டர் வைத்து எத்தனை வோல்ட் வருகிறது என்று பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை. 20 விநாடி கூட ஆகியிருக்காது, கன்வெர்ட்டர் (வெளிக் கரண்டை 12 வோல்ட்டாக மாற்றி வண்டியின் பேட்டரியை சார்ஜ் செய்வது), மைக்ரோவேவ், ஃபிரிட்ஜின் ஹீட்டர் (கேஸிலும் கரண்டிலும் ஓடும் இந்த வகை ஃபிரிட்ஜ் சூட்டை வைத்துத்தான் குளிரூட்டும்) மூன்றும் போய்விட்டன.

அதுவரை சாதாரண வீட்டு அவுட்லெட்டில்தான் அடாப்டர் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தோம். அதற்கும் ஒரு எல்லை உண்டு. 15 ஆம்பியர், 120 வோல்ட், அதாவது 1800 வாட். மணிக்கணக்கில் தொடர்ந்து இழுக்கும் லோடு என்றால் அதில் 80 சதவீதம்தான் கணக்கு, 12 ஆம்பியர். பேட்டரி சார்ஜ் ஆகும், ஃபிரிட்ஜ் ஓடும், விளக்கு எரியும், அவ்வளவுக்குத் தாராளமாகப் போதும். மேலே இருக்கும் ஏசியைப் போட்டால்தான் கதை மாறும், அது ஒன்றே 12, 13 ஆம்பியர் இழுக்கும், கம்ப்ரஸர் கிளம்பும்போது இன்னும் அதிகம். தங்கை குடும்பம் வந்து வண்டியில் தங்கியிருந்த ஒரு நாள் ஏசியைப் போட்டுவிட்டோம். சாயங்காலம் போய்ப் பார்த்தால் எக்ஸ்டென்ஷன் கார்டின் பிளக் தொட முடியாத சூடு, ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாக மாறியிருந்தது. கார்டும் மெல்லிசு, நீளமும் அதிகம், போதாததற்கு மீதியைச் சுருட்டி வேறு வைத்திருந்தோம். அது எங்கள் தப்பு, மறுக்கவில்லை. அதனால்தான் முறையாக 30 ஆம்பியர் லைன் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம்.

வந்தவர் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன்தான். ஆர்.வி. என்று தெளிவாகச் சொன்னேன், வண்டியையும் காட்டினேன், பிளக்கையும் கையில் எடுத்துக் கொடுத்தேன். "இது மாதிரி நிறைய போட்டிருக்கிறேன்" என்றார். அரை நாளில் வேலை முடிந்தது. போகும்போது டெஸ்டர் பேனாவை அவுட்லெட்டின் ஒரு ஓட்டையில் வைத்தார், பீப் என்றது. இன்னொரு ஓட்டையில் வைத்தார், அதிலும் பீப் என்றது. "ரெண்டுலயும் நல்லா வருது" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் தலையை ஆட்டினேன். ரெண்டிலும் வரக் கூடாது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். ஆர்.வி.யின் 30 ஆம்பியர் பிளக்குக்கு டிடி-30 (TT-30) என்று பெயர். மூன்று பின்: ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த். வெறும் 120 வோல்ட். ஆனால் வீட்டில் துணி உலர்த்தும் டிரையருக்கு வரும் பழைய அவுட்லெட்டும் மூன்று பின், அதுவும் 30 ஆம்பியர்தான், அதில் வருவதோ 240. எலெக்ட்ரீஷியன்கள் பலருக்கு "30 ஆம்பியர், மூன்று பின்" என்றதுமே கை தானாக டிரையர் லைன் போடப் போய்விடுகிறது. போதாததற்கு, பெரிய வண்டிகளின் 50 ஆம்பியர் பிளக்கில் நான்கு பின், அதில் உண்மையிலேயே 240 வோல்ட் சப்ளைதான் வருகிறது, ஆகவே ஆர்.வி. என்றாலே 240 என்று நினைப்பவர்களும் உண்டு. இது புதுத் தவறும் அல்ல, ஆர்.வி. வைத்திருப்பவர்கள் மத்தியில் நன்றாகத் தெரிந்த பழைய தவறு. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகம்.

நம்மவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஊரில் 230 வோல்ட்டிலேயே வளர்ந்தவர்கள் நாம். 240 என்று யாராவது சொன்னால் நமக்கு உறுத்தவே உறுத்தாது, சரிதானே என்று தோன்றும்.

அன்று பிளக்கைச் செருகி வண்டியின் மெயின் பிரேக்கரைப் போட்டதும் கன்வெர்ட்டரின் ஃபேன் வழக்கத்தை விட வேகமாக இரைந்தது. மைக்ரோவேவ் கடிகாரம் ஒரு தடவை பளிச்சென்று வந்து அணைந்தது. உள்ளே இருந்த என் மனைவி "என்னங்க, கருகுற வாசனை வருது" என்று கத்தினாள், நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்குவதற்குள் "பட்" என்று ஒரு சத்தம். ஃபிரிட்ஜின் ஹீட்டர் மாதிரி சாதனத்துக்கு வோல்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு, தாங்குமா? பிரேக்கர் ஏன் விழவில்லை என்று பலர் கேட்டார்கள். பிரேக்கர் கரண்ட் அதிகமானால்தான் விழும், வோல்ட் அதிகமானால் அதற்குத் தெரியாது. டிவியும் லேப்டாப்பும் தப்பித்தன, ஏனென்றால் அவற்றின் லேபிளில் 100 முதல் 240 வரை என்று போட்டிருக்கிறது. ஏசி அப்போது ஓடவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

லைன் போட்ட எலெக்ட்ரீஷியனைப் போனில் கூப்பிட்டேன். "நீங்கள் 30 ஆம்பியர் கேட்டீர்கள், 30 ஆம்பியர் கொடுத்தேன், உங்கள் வண்டியில்தான் ஏதோ கோளாறு" என்றார். பில்லைப் பார்த்தேன், "30 ஆம்பியர் அவுட்லெட்" என்று மட்டும் எழுதியிருந்தது. ஆர்.வி. என்ற சொல்லே இல்லை, வோல்ட்டும் இல்லை. வந்து பார்க்கிறேன் என்றவர் வரவில்லை, அப்புறம் போனையும் எடுப்பதில்லை.

வேறொருவரைக் கூப்பிட்டோம். அவர் பேனலைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிட்டார். இரட்டை பிரேக்கர் போட்டு, ஒரு பக்கம் கருப்பு வயர், இன்னொரு பக்கம் வெள்ளை வயர், ஆக இரண்டுமே ஃபேஸ், நடுவே 240. இந்த நாட்டில் வெள்ளை என்றால் நியூட்ரல், அதை ஃபேஸாகப் பயன்படுத்தினால் டேப் சுற்றி அடையாளமாவது காட்ட வேண்டும், அதுகூட இல்லை. வெள்ளையைக் கழற்றி நியூட்ரல் பாரில் மாட்டினார், பிரேக்கரை மாற்றி 30 ஆம்பியர் ஒற்றை பிரேக்கர் போட்டார். பத்து கேஜ் கேபிள் அதேதான், அவுட்லெட் அதேதான். பத்தே நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வந்த ஆத்திரம், பொருள்கள் போன அன்று கூட வரவில்லை.

அவர் என்னை மீட்டரைப் பிடிக்க வைத்துக் காட்டிய அளவுகளை அப்படியே எழுதுகிறேன். சாய்ந்த இரண்டு ஓட்டைகளுக்கும் நடுவே 120 பக்கம் வர வேண்டும், 114 முதல் 126 வரை பரவாயில்லை. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அதே 120. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட பூஜ்யம். முதல் அளவு 240 என்று காட்டினால் பிளக்கைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். மீட்டர் பிடிக்கப் பயமாக இருந்தால், வேலை செய்தவரையே உங்கள் கண் முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை. பேனலில் இந்த லைனுக்கு இரண்டு பிரேக்கர்கள் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியது போல இருந்தாலும் உடனே கேளுங்கள். வேலை தொடங்குவதற்கு முன்னாலேயே "ஆர்.வி., டிடி-30, 120 வோல்ட், ஒற்றை பிரேக்கர்" என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள், என்னிடம் அந்த ஒரு வரி இருந்திருந்தால் அவர் இப்படிப் பேசியிருக்க முடியாது.

வோல்ட் சரியில்லை என்றால் வண்டிக்குள் கரண்டையே விடாத இ.எம்.எஸ். கருவிகளும் இருக்கின்றன. சாதாரண சர்ஜ் ப்ரொடெக்டர் வேறு, இது வேறு, கடையில் வாங்கும்போது குழப்பிக்கொள்ள வேண்டாம். இப்போது எங்களிடம் ஒன்று இருக்கிறது. ஃபிரிட்ஜ் கேஸில் ஓடுகிறது, கன்வெர்ட்டர் புதிதாக மாட்டியாயிற்று. கருகிய பழைய கன்வெர்ட்டரையும் மைக்ரோவேவையும் தூக்கிப் போடவில்லை, லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறோம், அவர்கள் கேட்டால் காட்டுவதற்காக, பேனலின் போட்டோக்களோடு சேர்த்து எடுத்து வைத்திருக்கிறோம்.