பேடா, டிஸ்க்கா, பெரிய காலிப்பரா? டிராக்குக்குப் போகும் காரின் பிரேக் செலவு

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் மாதிரி 200 குதிரைத்திறனைத் தாண்டிய கார் வைத்திருப்பவர்கள், எஞ்சின் டியூனிங் முடிந்த கையோடு பிரேக் பக்கம் வருவது வழக்கம். வந்ததும் கண் போவது சிவப்புக் காலிப்பர் மேல்தான்; சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை, பேட் என்ற உராய்வுக் கட்டைகளால் இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பாகம் அது. அலாய் வீலுக்குள் அது தெரியும் அழகே தனி, மறுக்கவில்லை. ஆனால் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டத்தான் இதெல்லாம் என்றால், காசு முதலில் போக வேண்டிய இடம் வேறு.

கம்பெனி பிரேக்கை ஓங்கி மிதித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்கிறதா? செய்கிறதென்றால், டயருக்கு இருக்கும் பிடி முழுவதையும் அந்த பிரேக்கே பயன்படுத்திவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு பெரிய காலிப்பர் போட்டாலும், ஒரு தடவை மிதித்து நிற்கும் தூரம் பெரிதாகக் குறையாது. அதைக் குறைப்பது நல்ல டயர். பிரேக்கில் போடும் காசுக்குக் கிடைப்பது, பத்தாவது மிதியும் முதல் மிதி மாதிரியே இருப்பது.

எல்லாமே சூட்டின் கணக்கு. ஆளோடு சேர்த்து 1,500 கிலோ உள்ள கார், 160 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்கு இறங்கும்போது சுமார் 11 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. மூன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். இதில் பெரும்பகுதி, சில விநாடிகளில், முன்பக்கத்து இரண்டு டிஸ்க்குக்குள் இறங்குகிறது. ஒரே மிதியில் டிஸ்க் சூடு 100 டிகிரி அளவுக்கு ஏறிவிடும். இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கி.மீ. டிராக்கில் 12 வளைவுகள். ஆறுவதற்குள் அடுத்த மிதி வந்துவிடும்.

எது தோற்கிறது என்பதைக் காலே சொல்லிவிடும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய், இரண்டு மூன்று தடவை பம்ப் செய்தால் மறுபடி இறுகுகிறதா? பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி கட்டியிருக்கிறது. பெடல் கல்லு மாதிரி இறுக்கமாக இருந்தும் கார் நிற்க மறுக்கிறதா? பேட் தன் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் கியரை இறக்காமல் பிரேக்கிலேயே கீழே வருபவர்களுக்கும் இந்த இரண்டில் ஒன்று நேரலாம்.

ஆயில் கொதிப்பதுதான் காரணம் என்றால் தீர்வு மலிவு. டாட் 4 தரத்தில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்தத் தரம் கேட்பது 155 டிகிரி மட்டுமே. சென்னைக் காற்றின் ஈரப்பதத்தைச் சொல்லவே வேண்டாம். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற ரேஸ் ஆயில்கள் புதிதாக இருக்கும்போது 300 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும். இதோடு ஸ்டீல் பின்னிய ஹோஸும் (ஆயில் போகும் குழாய்) போட்டால் பெடல் இறுக்கமாகும். சூட்டுக்கு அது எந்த விதத்திலும் உதவாது.

பேட் தேர்வில் பேராசை கூடாது. முழு ரேஸ் பேட் சூடானால்தான் பிடிக்கும். காலையில் தெருமுனையில் முதல் மிதிக்கு ஏமாற்றும், கத்தும், டிஸ்க்கையும் தின்னும். வீட்டிலிருந்து ஓட்டிப்போய் டிராக்கில் சுற்றிவிட்டு அதே காரில் திரும்புபவருக்கு ஃபெரோடோ டிஎஸ்2500 மாதிரி இடைநிலை பேட் பொருத்தம். ஆயிலும் இந்த பேடும்தான் என் முதல் தேர்வு. பெரும்பாலோர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

துளை போட்ட டிஸ்க்குக்கு நான் காசு தர மாட்டேன். டிராக் சூட்டில் விரிசல் அந்தத் துளை ஓரத்தில்தான் தொடங்குகிறது. கோடு வெட்டிய டிஸ்க் பரவாயில்லை, பேட் தூளை வழித்துவிடும். பதிலுக்கு பேட் சீக்கிரம் தேயும்.

அப்புறம் பெரிய பிரேக். இங்கே இரண்டு வழி. ஒன்று, அதே குடும்பத்துக் காரின் பெரிய பாகம். ஆக்டேவியாவுக்கு உறவான ஃபோக்ஸ்வாகனின் ஏழாம் தலைமுறை கால்ஃப் ஜிடிஐ-யில் சாதாரண வண்டிக்கு 312 மி.மீ. முன் டிஸ்க், பெர்ஃபார்மன்ஸ் பேக் வாங்கினால் 340. கம்பெனியே கணக்குப் போட்டுச் செய்தது என்பதால், பாகம் எண் பார்த்து வாங்கினால் தலைவலி குறைவு. இன்னொன்று, பிரெம்போ, ஏபி ரேசிங் போன்ற பிரேக் தயாரிப்பாளர்களின் கிட். பேடைத் தள்ள நான்கு அல்லது ஆறு பிஸ்டன், பேட் மாற்றுவது சுலபம், பெடலில் கிடைக்கும் நயம் அருமை. ஆனால் முன்பக்கத்தை மட்டும் பெரிதாக்கினால், பின்பக்கம் தன் பங்கைச் செய்வதற்கு முன்பே முன் டயர் பிடி தீர்ந்துவிடும். பிஸ்டன் பரப்பளவு கம்பெனி அளவை ஒட்டி இல்லாத கிட்டில் நிற்கும் தூரம் கூடவும் வாய்ப்புண்டு. வீலுக்குள் காலிப்பர் இடிக்காமல் சுற்றுமா என்பதையும் அளந்து பார்க்க வேண்டும். நல்ல பேடும் ஆயிலும் போட்ட பிறகும் டிராக்கில் சூடு தாங்கவில்லை என்றால் மட்டும் இதற்குப் போகலாம்.

கார்பன் செராமிக் டிஸ்க் இந்தப் போட்டியிலேயே இல்லை. எடை இரும்பில் பாதிதான், உண்மை. ஆனால் விலைக்குப் பயந்து, அது பொருத்தி வந்த போர்ஷேயையே டிராக்குக்காக இரும்பு டிஸ்க்குக்கு மாற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

எதைப் போட்டாலும் பேடைப் பழக்காமல் டிராக்குக்குப் போகாதீர்கள். காலி சாலையில் 90-லிருந்து 20 வரை, முழுக்க நிற்காமல், பல தடவை மிதித்துவிட்டு, பிறகு பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். பேடின் பொருள் டிஸ்க்கில் சீராகப் படியும். சூட்டோடு பெடலை அழுத்திக்கொண்டு நின்றால் ஒரே இடத்தில் அப்பிக்கொள்ளும்; டிஸ்க் கோணிவிட்டது என்று சொல்லி மாற்றப்படும் பல டிஸ்க்குகளின் அதிர்வுக்குக் காரணம் அந்தப் படிவுதான்.