பழைய ஆலைக்குள் அலுவலகம்: சுவரோடு ஒட்டியா, தனிப்பெட்டியாகவா?

1983-இல் நின்றுபோன லண்டன் பேட்டர்சீ மின்நிலையம் 2022-இல் கடைகளும் அலுவலகங்களுமாகத் திறந்தது. அவ்வளவு பணம் இல்லாத ஒரு பழைய நூற்பாலைக்கு என்ன செய்வது?

அறைகளைச் செங்கல் சுவரோடு ஒட்டிக் கட்டினால் இடமும் செலவும் மிச்சம். ஆனால் சுண்ணாம்புச் சாந்துச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் பலகையடித்துப் பிளாஸ்டிக் பெயின்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். சில வருடங்களில் செங்கல் உதிர ஆரம்பிக்கும். விரலால் தேய்த்தாலே சிவப்புத் தூள் ஒட்டும்.

தனிப்பெட்டி அறைகள் சுவரைத் தொடாமல் நடுவில் நிற்கும். வாடகைக்கு வருபவர் மாறினால் கழற்றி வேறு அளவில் பூட்டலாம். வார்ப்பிரும்புத் தூண்களும் ரம்பப்பல் கூரையின் (ரம்பத்தின் பற்கள்போல வரிசையாகச் சரியும் கூரை) ஜன்னல்களிலிருந்து இறங்கும் வெளிச்சமும் மறையாது. ஒவ்வொரு பெட்டிக்கும் காற்றோட்டம் தனியாகக் கொடுக்க வேண்டும், சரி. இருந்தாலும் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.