எஃப்எம்2-வுக்குத் துணையாக எஃப்இ2: என் இரண்டாவது ஃபிலிம் பாடி

ஃபிலிம் கேமராவில் ஒரு ரோலை மாட்டிவிட்டால் 36 படம் முடியும்வரை அந்த ஐஎஸ்ஓவோடுதான், அதாவது அந்த ஃபிலிமின் ஒளியுணர்வோடுதான், காலம் தள்ள வேண்டும். எனக்கு அது இடிக்கும் இடம் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். விடியுமுன் விளக்கு வெளிச்சத்தில் ஏலம் நடக்கும்போது 1600-க்குப் புஷ் செய்த, அதாவது அந்த ஐஎஸ்ஓவில் எடுத்துக் கழுவும்போது ஈடுகட்டுகிற, எச்பி5 கருப்பு வெள்ளை ஃபிலிம் வேண்டும். வெயில் ஏறி, விசைப்படகுகளின் வர்ணம் தெரிய ஆரம்பித்ததும் கோடக் கோல்டு 200 கலர் ஃபிலிம் வேண்டும். பாதி ரோலைச் சுற்றியெடுத்துவிட்டுப் பிறகு மறுபடி மாட்டுகிற வேலையெல்லாம் அந்தக் கூட்டத்தின் நடுவே ஆகாது. அதனால்தான் முழுக்க மெக்கானிக்கலான என் நிக்கான் எஃப்எம்2-வுக்கு இரண்டாவது பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, தேடினேன். தேடியதில் அதே நிக்கானின் எஃப்இ2-வில் வந்து நின்றேன். சரியான முடிவு என்று உறுதியாகச் சொல்வேன்.

முதலில் எல்லோரும் நிக்கான் எஃப்3 என்றார்கள். அருமையான கேமராதான். 1980-ல் வந்து 2001 வரை தயாரிப்பில் இருந்தது, வ்யூஃபைண்டரில் முழுப் படமும் தெரியும். ஆனால் அதன் வெளிச்சம் அளக்கும் மீட்டர் நடுவட்டத்துக்கு 80 சதவீத முக்கியத்துவம் தருகிறது. எஃப்எம்2-வில் அது 60 சதவீதம். ஒரே காட்சிக்கு இரண்டு கேமராவும் வேறு வேறு கணக்குச் சொன்னால் யாரை நம்புவது? எஃப்3-ல் ஃப்ளாஷோடு சேர்ந்து சுடக்கூடிய அதிகபட்ச வேகம் (சிங்க்) 1/80 நொடிதான், எடையும் 700 கிராமுக்கு மேல். ஆட்டோஃபோகஸ் எஃப்80 மலிவாகக் கிடைக்கும், ஆனால் கையால் ஃபோகஸ் செய்யும் என் பழைய ஏஐ வகை லென்ஸ்களை மாட்டினால் அதில் மீட்டரே வேலை செய்யாது. இன்னொரு எஃப்எம்2 வாங்கலாம், புதிதாக எதுவும் கைக்கு வராது. 2001-ல் வந்த எஃப்எம்3ஏ இரண்டு உலகத்தையும் ஒன்றாக்கிய கேமரா. அதற்குக் கேட்கிற விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

எஃப்இ2-வைக் கையில் எடுத்தால் எஃப்எம்2-வின் உடன்பிறப்பு என்று விரலுக்கே தெரியும். ஸ்பீடு டயல், ஃபிலிமை நகர்த்தும் லீவர், ரீவைண்ட் குமிழ் எல்லாம் அதே இடத்தில். 28 எஃப்2.8, 50 எஃப்1.8, 105 எஃப்2.5 மூன்று லென்ஸையும் யோசிக்காமல் மாற்றி மாற்றிப் போடுகிறேன். இரண்டுக்கும் அதே எல்ஆர்44 பட்டன் பேட்டரி இரண்டிரண்டு. ஃபிலிமைத் தானாக நகர்த்தும் எம்டி-12 மோட்டார் இரண்டிலும் பொருந்தும். இரண்டிலும் ஷட்டர் வேகம் 1/4000 நொடி வரை போகும். லீவரைக் கொஞ்சம் வெளியே இழுத்தால்தான் மீட்டர் விழிக்கும் என்பதும் இரண்டுக்கும் பொது. இடக் கண்ணால் பார்ப்பவர்களுக்கு அது நெற்றியில் குத்தும்.

வேறுபடுவது வெளிச்சத்தை அளக்கும் விதத்தில். எஃப்எம்2-வில் கூட்டல், வட்டம், கழித்தல் என்று சிவப்பு விளக்குகள். எஃப்இ2-வில் இடது ஓரத்தில் வேகங்கள் வரிசையாக எழுதியிருக்கும். நாம் வைத்த வேகத்தைப் பச்சை முள் காட்டும், மீட்டர் சொல்லும் வேகத்தைக் கருப்பு முள் காட்டும். இரண்டுக்கும் நடுவே எத்தனை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) என்பது பார்த்ததுமே புரிகிறது. விளக்குகள் இதைச் சொல்வதில்லை. ஆனால் இருட்டில் முள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், விளக்கோ பளிச்சென்று நிற்கும். ஆக விடியுமுன் எஃப்எம்2, வெயிலில் எஃப்இ2 என்று வேலை தானாகவே பிரிந்துவிட்டது. இதைத்தான் நான் துணை என்கிறேன்.

வெயில் வந்தபின் எஃப்இ2-வை, வேகத்தைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் ஆட்டோவில் வைத்து, லென்ஸ் திறப்பான அபர்ச்சரை மட்டும் பார்த்துக்கொள்கிறேன். தார்ப்பாய் நிழலில் மீன் தரம் பிரிக்கும் அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு வருவதற்குள் வெளிச்சம் மூன்று நான்கு ஸ்டாப் மாறிவிடும். எஃப்எம்2-வில் டயலைத் திருப்பி முடிப்பதற்குள் அந்த முகம் போயிருக்கும். எஃப்இ2 அதைப் பிடித்துக் கொடுக்கிறது.

பின்னால் பளபளக்கும் கடல், முன்னால் கறுத்த முகம் என்றால் ஆட்டோ ஏமாறும், முகம் கரியாகிவிடும். அங்கே இரண்டு வழி. அருகில் போய் முகத்தை அளந்து, செல்ஃப் டைமர் லீவரை லென்ஸ் பக்கம் அழுத்திப் பிடித்தால் அந்த அளவு பூட்டிக்கொள்ளும். ஃபோகஸ் செய்துகொண்டே அதைப் பிடித்திருப்பது விரலுக்குச் சிரமம், இந்த கேமராவில் எனக்குப் பிடிக்காத ஒரே வடிவமைப்பு இதுதான். நான் பெரும்பாலும் இரண்டாவது வழியாக, ஆட்டோ கணக்கைக் கூட்டிக் குறைக்கும் கம்பன்சேஷனைக் கூட்டல் ஒன்றில் வைத்துவிடுவேன். வைத்திருக்கும்வரை வ்யூஃபைண்டரில் ஒரு சிவப்பு விளக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

குறை என்றால் பேட்டரி. அது தீர்ந்தால் எம்250 (1/250 நொடி), பி (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருப்பது) இரண்டு மட்டுமே மிஞ்சும். எஃப்எம்2 பேட்டரி இல்லாமலேயே எல்லா வேகத்திலும் சுடும், போனது மீட்டர் மட்டும். 1987-லேயே எஃப்இ2 தயாரிப்பு நின்றுவிட்டதால் உள்ளிருக்கும் சர்க்யூட் போனால் இன்னொரு பழைய பாடியைப் பிரித்துத்தான் பாகம் எடுக்க வேண்டும். ஒரே கேமராதான் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் எஃப்இ2-வைச் சொல்ல மாட்டேன். பக்கத்தில் ஒரு மெக்கானிக்கல் பாடி இருக்கும்போது அந்தப் பயம் இல்லை.

வேறு கம்பெனி கேமரா வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்கு செல்லும். ஒலிம்பஸ் ஓஎம்-1 இருந்தால் ஓஎம்-2 வாங்குங்கள். பென்டாக்ஸ் கே1000-க்கு எம்இ சூப்பர் லென்ஸ் வகையில் பொருந்தும். ஆனால் அதில் ஸ்பீடு டயலுக்குப் பதில் பொத்தான்கள், கை பழக வேண்டியிருக்கும்.

பழைய எஃப்இ2 வாங்கும்போது பின்கதவைத் திறந்து ஷட்டர் தகட்டில் நெளிவு இருக்கிறதா என்று பாருங்கள், விரலால் தொடாதீர்கள். கதவோர நுரைப்பட்டை பிசுபிசுத்திருந்தால் பயப்பட வேண்டாம், மாற்றுவது மலிவான வேலை. பேட்டரி அறையில் பச்சை படிந்திருந்தால் விட்டுவிடுங்கள். பேட்டரியைக் கழற்றி எம்250-ல் ஒருமுறை சுட்டுப் பாருங்கள். ஆட்டோவைச் சோதிக்குமுன் லீவரைச் சுற்றி, எத்தனையாவது படம் என்று காட்டும் எண்ணிக்கையை 1-க்குக் கொண்டுவாருங்கள். அதற்கு முன்னால் இந்த கேமரா 1/250-ல்தான் சுடும். அது தெரியாமல் 'ஆட்டோ போச்சு' என்று நல்ல பாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு.