திராட்சைக்கொடி வெட்ட வர்றவங்ககிட்ட உஷாரா இருங்க (தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம்)

மாடியில் திராட்சைப் பந்தல் போட்டிருக்கிறவங்க இதைக் கொஞ்சம் படிச்சிடுங்க.

எங்களுது பன்னீர் திராட்சை. எங்க அத்தை வாசலோரம் மண்ணுல நட்டு, கயிறு கட்டி மாடிக்கு ஏத்தின கொடி. தை மாசம் கவாத்து பண்ணினோம் (கிளையை அளவா வெட்டி விடுறது), 23 கொத்து பிடிச்சது. மே முதல் வாரம், கத்திரி வெயில் ஆரம்பிச்ச நேரம், காய் அப்பதான் கறுக்க ஆரம்பிச்சது. கூடவே இலை ஓரமெல்லாம் கருகிச்சு. பயந்துட்டேன்.

அந்த நேரம் பார்த்து, "செடி வெட்டணுமா, மருந்து அடிக்கணுமா"ன்னு ஒருத்தர் வண்டியில வந்தார். இலையைத் தொட்டுக்கூடப் பார்க்கலை. "அக்கா, நோய் புடிச்சிருக்கு, மொத்தமா கழிச்சாதான் பிழைக்கும்"னார். கூலி 1,200, மருந்து 600. நான் அடுப்பை அணைச்சிட்டு மேலே போறதுக்குள்ள பந்தல் மொட்டை. அடிமரமும் ரெண்டு கிளையும்தான் மிச்சம். கொத்தெல்லாம் சுடுற தரையில கிடக்கு. "வீட்ல வெச்சா பழுத்துடும்க்கா"ன்னு வேற சொன்னார். திராட்சை வாழைக்காய், மாங்காய் மாதிரி இல்லைங்க. பறிச்சிட்டா அப்புறம் பழுக்காது. அத்தை ஒரு கொத்தை எடுத்து, பாதி கறுத்த காயை முந்தானையால துடைச்சுத் துடைச்சுப் பார்த்துட்டே உட்கார்ந்திருந்தாங்க. இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது.

வெட்டின இடத்துல தடவின 'மருந்து' செக்கச்செவேல்னு இருந்தது. விரல்ல தேய்ச்சுப் பார்த்தேன்: கோலத்துக்குப் போடுற காவி! வெட்டின இடத்துல தடவுற உண்மையான மருந்து போர்டோ பசை; அது மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது, நீலமா இருக்கும். போன் பண்ணினா ரெண்டு நாள் "வரேன்க்கா", அப்புறம் ஸ்விட்ச் ஆஃப்.

கொளத்தூர்ல நர்சரி வெச்சிருக்கிற ஒரு பெரியவர்கிட்ட கருகின இலையைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன தண்ணிம்மா ஊத்தறே?" ஏப்ரல்ல இருந்து போர் தண்ணிதான். கடலோரம் நம்ம போர்ல உப்பு ஏறிக் கிடக்கே, அதுதான் இலையை ஓரத்துல இருந்து எரிச்சிருக்கு. நோய்னா இலை நடுவுலயும் புள்ளி புள்ளியா வரும்னார். மெட்ரோ தண்ணியை (குடிநீர் வாரியத் தண்ணி) காலையில ஊத்தி, வேர்மேல காய்ஞ்ச சருகைப் பரப்பியிருந்தா போதுமாம்.

கவாத்து பழம் பறிச்ச பிறகுதான். அப்பவும் முத்தின குச்சியில நாலு கணு விட்டு வெட்டணும், அந்தக் கணுத் துளிர்லதான் பூ வரும். காய் இருக்கிறப்போ காய்ஞ்ச இலையையும் கொத்தை நெருக்குற பக்கத்துளிரையும் மட்டும் கிள்ளுங்க. கொத்துக்கும் தண்டுக்கும் இலைதான் நிழல். எங்க கொடியில நிழல் போனதுமே அடிமரப் பட்டை வெடிக்க ஆரம்பிச்சது. அவர் சொன்னபடி சுண்ணாம்பு அடிச்சு, பச்சை வலை கட்டியிருக்கோம்.

நேத்து அடிமரத்துல ரெண்டு துளிர் விட்டிருக்கு. பழைய மரத்துல வந்த துளிர், இந்தத் தடவை அதுல காய்க்காது. அத்தைக்கும் அது தெரியும். ஆனாலும் காலையில முதல் குடம் மெட்ரோ தண்ணி அதுக்குத்தான் போகுது.