வால்வு மூடி டிபிஎம்எஸ்: வாங்கலாம், முதலில் வால்வைப் பாருங்கள்

டிபிஎம்எஸ் (டயர் காற்றழுத்தத்தைக் கண்காணித்து எச்சரிக்கும் அமைப்பு) இல்லாமல் வந்த காருக்கு, வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் நான்கு சென்சாரும் டேஷ்போர்டில் ஒட்டும் சோலார் டிஸ்ப்ளேவும் கொண்ட செட் ஆன்லைனில் தாராளமாகக் கிடைக்கிறது. டயரைக் கழற்ற வேண்டாம், வயரிங் வேண்டாம். அழுத்தத்தை நம்பும்படி காட்டுகிறது. ஒன்றிரண்டு பிஎஸ்ஐ முன்பின் இருக்கலாம்.

ஏபிஎஸ் பிரேக்கின் சென்சாரை வைத்துச் சக்கர வேகத்தைக் கணக்கிடும் கம்பெனி முறையைவிட இது ஒரு படி மேல்தான். அந்த முறை எந்த டயரில் எவ்வளவு என்று சொல்லாது. நான்கிலும் ஒரே சீராகக் காற்று இறங்கினால் விளக்கு எரியாமலே போகலாம். காற்று பிடித்ததும் ரீசெட் வேறு செய்ய வேண்டும்.

பெட்டியில் வரும் செட்டிங்கை அப்படியே விடாதீர்கள். பல செட்களில் எச்சரிக்கை ஒலிக்கும் கீழ் எல்லை 26 பிஎஸ்ஐ அளவில் இருக்கிறது. கதவோர ஸ்டிக்கரில் 33 என்று போட்டிருந்தால், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காற்று போன பிறகுதான் அது கத்தும். 28 அல்லது 29க்கு ஏற்றுங்கள். மேல் எல்லை 42 போதும். காலையில் 33 வைத்த டயர் வெயிலில் ஹைவேயில் ஓடும்போது 37 காட்டும். அது இயல்பு, பத்து டிகிரி சூடு ஏறினால் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். பயந்துபோய்க் காற்றை இறக்கினால் மறுநாள் காலை 29தான் இருக்கும்.

மாட்டும்போது லாக் நட்டை முதலில் வால்வில் அடிவரை ஓட்டுங்கள். அடுத்து சென்சாரை 'உஸ்' சத்தம் நிற்கும்வரை கையாலேயே திருகி, நட்டை அதன்மேல் கொண்டுவந்து ஸ்பேனரால் இறுக்குங்கள். கடைசியில் சோப்புத் தண்ணீர் பூசிப் பார்ப்பது கட்டாயம். சென்சார் வால்வு ஊசியை எப்போதும் அழுத்தியே வைத்திருப்பதால், உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் சரியாக உட்காராவிட்டால் அந்த வழியாகவே காற்று கசியும்.

பெரிய பலவீனம் ரப்பர் வால்வுதான். சக்கரம் வேகமாகச் சுற்றும்போது சென்சாரின் எடை வால்வை வெளிப்பக்கம் வளைத்துக்கொண்டே இருக்கும். வால்வை விரலால் வளைத்துப் பாருங்கள். அடியில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் மாட்டவே வேண்டாம். புது டயர் போடும்போது நட்டு போட்டு இறுக்கும் உலோக வால்வாகக் கேட்டு வாங்குங்கள்.

வெப்பநிலை எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சென்சார் டயருக்கு வெளியே நிற்பதால் உள்சூடு அதற்குத் தெரியாது.

ஒவ்வொரு முறை காற்று பிடிக்கவும் ஸ்பேனர் வேண்டும், காரிலேயே வைத்திருங்கள். பஞ்சர் கடையில் கழற்றினால் இடம் மாறாமல் மாட்டுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். முன் இடதுக்கான சென்சார் பின் வலதுக்குப் போனால், டிஸ்ப்ளே வேறு டயரைக் காட்டும். டயர்களை ரொட்டேட் செய்யும்போதும் (முன்பின் இடம் மாற்றும்போதும்) இதே கவனம் தேவை.

பேட்டரி பெரும்பாலும் சிஆர்1632. நான்கையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். சென்சார் மூடியைத் திருகும் முன் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் பள்ளத்தில் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் முதல் மழைக்கே தண்ணீர் இறங்கி சென்சார் செத்துவிடும்.